இஸ்தான்புல் போகிறவர்களுக்கு முதலில் படகுத்துறையைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். தேவாலயமாகக் கட்டி இப்போது மசூதியாக இருக்கும் ஹாகியா சோபியா, நீல மசூதி, டோப்காபி அரண்மனை, கிராண்ட் பஜார், கடைசியில் பாஸ்பரஸ் நீரிணையில் டின்னர் குரூஸ் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் காலையில் வேலைக்கு எதில் ஏறிப் போகிறார்கள், சாயங்காலம் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரு வரி கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், படகைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் நீரிணை எது என்ற கேள்வி எங்கள் வினாத்தாளில் அடிக்கடி வரும், பிள்ளைகளும் பாஸ்பரஸ் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த நீரிணையை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடமாக உண்டு. போன வருடம்தான் வாய்த்தது. ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து போன ஒரு பேக்கேஜ் டூரில் நானும் என் தங்கையும் போனோம்.

டூர் ஏற்பாடு செய்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஏ.சி. பஸ்ஸில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடியும் ஏற்றினார்கள். ஒரு மதியம் முழுவதும் கம்பளக் கடையில் போனது, மறுநாள் தோல் ஜாக்கெட் கடையில். ராத்திரி ஒரு பெரிய படகில் சாப்பாடு. கண்ணாடிக்குள் உட்கார வைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டு, நடனம் காட்டினார்கள். அந்தப் படகு பாஸ்பரஸில்தான் போனது, ஆனால் உள்ளே விளக்கு அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் வெளியே கரையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. அதற்கு யூரோவில் தனிக் கட்டணம். பஸ்ஸில், டிராமில், படகில் எல்லாம் நீங்களாகப் போகாதீர்கள், பிக்பாக்கெட் இருக்கிறது, வழி தெரியாது, மொழி தெரியாது என்று தினமும் காலையில் எச்சரிக்கை வேறு. இவ்வளவு தூரம் வந்தும் அந்த ஊர் ஆட்களில் கடைக்காரர்களைத் தவிர வேறு யாரோடும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் தங்கையும் முதலிலேயே யோசித்து, எங்கள் இருவருக்கும் மட்டும் திரும்பும் டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப் போட்டிருந்தோம். குழு ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் எமினோனு படகுத்துறைக்கு நடந்தே போனோம். என்னைப் பொறுத்தவரை இஸ்தான்புல் எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

எமினோனு பழைய நகரத்தின் கடல்முகப்பு. ஒரு பக்கம் பெரிய மசூதி, அதை ஒட்டி மசாலா பஜார், இந்தப் பக்கம் டிராம், பஸ், அதற்கும் இந்தப் பக்கம் வரிசையாகத் துறைகள். ஒவ்வொரு துறைக்கும் மேலே ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. 1928-ல் துருக்கிக்காரர்கள் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியதால், அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, பலகையை நாமே எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். நாங்கள் ஏறியது காடிக்கோய் படகு. காடிக்கோய் எதிர்க்கரையில், ஆசியாவில் இருக்கிறது. கையில் இருந்த கார்டை நுழைவுக் கதவில் காட்டினால் உள்ளே விடுகிறது. இஸ்தான்புல்கார்ட் என்று பெயர். அதே கார்டுதான் பஸ்ஸுக்கும், டிராமுக்கும், மெட்ரோவுக்கும், கடலுக்கு அடியில் ஓடும் ரயிலுக்கும். கட்டணம் நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குள்தான். என் கார்டு சரியாகப் பதிந்துவிட்டது, தங்கையின் கார்டில் பணம் போதவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற ஒரு பெண், ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் போலச் சீருடையில் இருந்தார், கை நீட்டித் தன் கார்டை வைத்து அவளை உள்ளே அனுப்பினார். நாங்கள் காசு கொடுக்கப் போனால் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டார். இதை அங்கே யாரும் பெரிய உதவியாக நினைப்பதில்லை என்று அப்புறம் தெரிந்தது. இப்படி ஒருவர் கார்டில் இன்னொருவர் போவதை அதன் பிறகு பலமுறை பார்த்தோம்.

படகு என்று எழுதுகிறேனே தவிர அது சின்னக் கப்பல். இரண்டு தளம், நூற்றுக்கணக்கில் ஆள் ஏறலாம். உள்ளே கண்ணாடி ஜன்னலோடு நீள இருக்கைகள், வெளியே ஓரத்தைச் சுற்றி மர பெஞ்சுகள். எல்லாரும் ஓட்டமாக ஓடி அந்த வெளி பெஞ்சைத்தான் பிடிக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கோட் போட்ட ஆபீஸ்காரர்கள், முக்காடு போட்ட பாட்டி, பக்கத்திலேயே குட்டைப் பாவாடையில் ஒரு பெண், தலையில் சிமெண்ட் தூசியோடு ஒரு கட்டடத் தொழிலாளி, எல்லாரும் ஒரே பெஞ்சில். யாருக்கும் தனி வகுப்பு கிடையாது, மேல் தளத்துக்கு அதிகக் கட்டணம் கிடையாது. கயிற்றை அவிழ்த்து, ஏறும் பலகையை இழுத்துப் போட்டதும் படகு நகர்கிறது. உடனே ஒரு ஆள் கையில் தட்டோடு வருகிறார். தட்டு நிறைய இடுப்புச் சிறுத்த சின்னக் கண்ணாடி கிளாஸ்களில் பால் கலக்காத டீ, சாஸரில் இரண்டு சர்க்கரைக் கட்டி. படகு ஆடும்போது அந்தத் தட்டு ஆடவே இல்லை. கிளாஸ் சூடு தாங்காது, விளிம்பில் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் பிடித்துக் காட்டினார்.

அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தால் வலது பக்கம் டோப்காபி அரண்மனை, ஹாகியா சோபியா, நீல மசூதி மூன்றும் ஒரே குன்றின் மேல் வரிசையாக வந்து நிற்கின்றன. நீங்கள் பட்டியலில் போட்ட அத்தனையும். பஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கூட்டத்தில் நெருக்கிப் பார்த்தபோது எது எங்கே இருக்கிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீரில் இருந்து பார்த்த ஐந்தே நிமிடத்தில் இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் வந்தது, இதைப் பிடிக்க ஏன் இத்தனை ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள் என்று விளங்கிவிட்டது. மூன்று பக்கம் தண்ணீர், நான்காவது பக்கம் கோட்டைச் சுவர். வடக்கே கருங்கடலுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற எல்லாக் கப்பலும் இந்த முனையைத் தொட்டுத்தான் போக வேண்டும். இடது பக்கம் பார்த்தால் பாஸ்பரஸ் வளைந்து உள்ளே போகிறது, தூரத்தில் 1973-ல் கட்டிய முதல் தொங்குபாலம்.

தங்கை அதையெல்லாம் விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, அந்தக் கப்பலைப் பாரு, எவ்வளவு பெருசு." நாங்கள் போன படகுக்குக் குறுக்கே, வெகு கிட்டத்தில், ஒரு எண்ணெய்க் கப்பல் நின்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கப்பல் புதுசில்லை. ஆனால் எங்கள் ஊரில் கப்பல் துறைமுகத்துக்குள் நிற்கும், நாம் வெளியில் நிற்போம். இங்கே ஊருக்கு நடுவில், மக்கள் வசிக்கிற வீடுகளுக்கு முன்னால், ஸ்கூல் பிள்ளைகள் போகிற படகுக்குப் பக்கத்தில் போகிறது.

இந்த நீரிணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், டீச்சருக்கு அந்த உரிமையைக் கொடுங்கள். நீளம் சுமார் 30 கிலோமீட்டர், குறுகலான இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். அந்த இடத்தில்தான் 1452-ல் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கோட்டை கட்டி வழியை அடைத்தார், அதுவரை பைசாண்டியர் என்ற கிழக்கு ரோமானியர் கையில் இருந்த நகரம் அடுத்த வருடமே அவரிடம் விழுந்தது. வழியில் திருப்பங்கள் அதிகம். பெரிய கப்பல் ஒன்று முழுதாகக் கடப்பதற்குள் குறைந்தது பன்னிரண்டு முறை திசை மாற்ற வேண்டும் என்கிறார்கள். 1936-ல் சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரூ என்ற ஊரில் போட்ட ஒப்பந்தப்படி சமாதான காலத்தில் எந்த நாட்டு வணிகக் கப்பலும் போகலாம். ஆனால் இந்த வழியில் கப்பல் விடுவது லேசான காரியமில்லை. 1979 நவம்பரில் ருமேனிய எண்ணெய்க் கப்பல் ஒன்று காடிக்கோய்க்குப் பக்கத்தில் மோதி வெடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்து போனார்கள், தீ வாரக்கணக்கில் எரிந்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே ஒரே கால்வாயில் இரண்டு ஓட்டம் இருக்கிறது. டான்யூப், நீப்பர் மாதிரிப் பெரிய ஆறுகள் வந்து கொட்டுவதால் கருங்கடல் நீர் உப்புக் குறைந்தது, மட்டமும் கொஞ்சம் உயரம். அது மேலாகத் தெற்கு நோக்கி ஓடி வருகிறது. மத்தியதரைக் கடல் நீர் உப்பு அதிகம், கனம் அதிகம், அது அடியில் எதிர்த்திசையில் வடக்கே போகிறது. உப்பளத்தில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு உப்புத் தண்ணீர் கனமானது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1679-ல் இங்கே வந்த மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர், அப்போது அவருக்கு வயது 21, கயிற்றில் வெள்ளை அடையாளம் கட்டி ஆழத்தில் இறக்கி, அது எதிர்ப்பக்கம் இழுபடுவதைப் பார்த்து இதை உறுதி செய்தார். அப்புறம் ஒரு தொட்டியில் உப்பு நீரையும் நல்ல நீரையும் வைத்து அதே ஓட்டத்தைச் செய்து காட்டினார். கடலியல் ஆராய்ச்சியில் அது ஆரம்ப காலத்துப் பெரிய சோதனைகளில் ஒன்று. ஆனால் அந்த ஊர் மீனவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது, அவர்கள் சொல்லித்தான் அவர் சோதித்தார். மீனவன் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த அறிவு அது, பாடப் புத்தகத்தில் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

சரி, இந்தக் கால்வாய்க்கும் நமக்கும் என்ன என்று கேட்டால், நம் அடுப்படியைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய் விலை திடீரென்று ஏறியதே, ஞாபகம் இருக்கும். அதுவரை இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனில் இருந்து வந்தது. ரஷ்யாவோடு போர் மூண்டதும் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. அந்த வருடம் ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று தானியக் கப்பல்களை விட ஒப்பந்தம் செய்தபோது, கப்பல்களைச் சோதிக்கும் மையம் இஸ்தான்புல்லில்தான் இருந்தது. ஒரு வருடத்தில் அந்த ஒப்பந்தம் முடிந்து போனது வேறு கதை. உக்ரைனோ ரஷ்யாவோ, கருங்கடல் துறைமுகத்தில் ஏற்றிய எண்ணெய் இந்த ஒரே வாய்க்கால் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், வேறு கடல் வழி கிடையாது. நாங்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்த கப்பல்களில் ஏதோ ஒன்று நம் ஊருக்கு வந்திருக்கலாம். இதை ஒரு பயணக் கட்டுரையில் எழுதினால் எந்த வாசகர் பிடிக்கவில்லை என்று சொல்லப் போகிறார்?

காடிக்கோய் போய்ச் சேர இருபது நிமிடம்தான். கரை அணைவதற்கு முன்பே இளவட்டங்கள் குதித்து ஓடுகிறார்கள், ஊழியர் தடித்த கயிற்றைச் சுழற்றி ஒரே எறியில் கட்டையில் மாட்டுகிறார். இறங்கிய உடனே மார்க்கெட். மீன் கடையில் சிவப்பு வட்டத் தட்டுகளில் மீனை ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக அடுக்கித் தண்ணீர் தெளித்தபடி இருந்தார்கள். அங்கே ஹம்சி என்று ஒரு மீனை மலையாகக் குவித்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நம் நெத்திலி இனம். குளிர்காலத்தில் கருங்கடலில் கூட்டம் கூட்டமாகக் கிடைக்குமாம், ஊரே அதைத்தான் சாப்பிடுமாம். தங்கை அந்தக் கடைக்காரரிடம் கையாலேயே பேசி, எப்படிச் சுத்தம் செய்வது என்று அவர் காட்ட, நாம் எப்படித் தலையைக் கிள்ளுவோம் என்று இவள் காட்ட, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வறுத்த ஹம்சியை எலுமிச்சையும் வெங்காயமும் வைத்து அங்கேயே சாப்பிட்டோம். மிளகாய் இல்லாவிட்டாலும் ருசி குறையவில்லை.

தெருவைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேடும் பள்ளமும் அதிகம், முட்டி வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம், நடைபாதை பல இடத்தில் ஒடுக்கம், அதிலும் வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்கள். பூனைகள் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன, கடை வாசலில் அதற்குத் தண்ணீரும் தீனியும் வைத்திருக்கிறார்கள், வங்கி வாசலில் வாடிக்கையாளர் நாற்காலியில் பூனை தூங்கினால் எழுப்புவதில்லை. டாக்ஸி மட்டும் வேண்டாம். எங்களை ஒருவர் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் இரட்டைக் கட்டணம் கேட்டார், கொடுத்துவிட்டு இறங்கினோம்.

ஆனால் தெருவில் பார்த்த ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீட்டு வாசல் கம்பியில், மரக்கிளையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் பிளாஸ்டிக் பை தொங்கும். முதலில் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைப்போம். ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், உள்ளே காய்ந்த ரொட்டித் துண்டுகள், சுத்தமாகக் கட்டி வைத்திருந்தது. ரொட்டியைக் குப்பையோடு போடக்கூடாது, பறவைக்கோ ஆடு மாட்டுக்கோ போகட்டும் என்று தனியாகத் தொங்கவிடுகிறார்கள். நடுத்தெருவில் ஒரு துண்டு ரொட்டி கிடந்ததை ஒரு பெரியவர் குனிந்து எடுத்து, மிதிபடாத மதில் மேல் வைத்துவிட்டுப் போனதை நாங்களே பார்த்தோம். சோற்றுப் பருக்கை சிந்தினால் அடி வாங்கி வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெரியவரைப் பார்த்ததும் ஊர் வித்தியாசம் போய்விட்டது. பேக்கரியில் ஒரு ரொட்டிக்குப் பதில் இரண்டுக்குக் காசு கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை இல்லாதவர்களுக்கு விட்டுவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. வருகிறவர் பெயர் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், வாங்கிக்கொண்டு போகலாம்.

இவ்வளவு படித்துவிட்டு அது சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர். சாயங்காலம் சாலையில் வண்டி நகராது. படகில் போகிறவர்கள் மொத்தப் பயணிகளில் சிறு பங்குதான், பெரும்பாலோர் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தனிப் பாதையில் ஓடும் மெட்ரோபஸ்ஸிலும் நெருக்கியடித்துத்தான் போகிறார்கள். விலைவாசி அவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. 2022 அக்டோபரில் அரசுக் கணக்கே பணவீக்கத்தை 85 சதவீதத்துக்கு மேல் காட்டியது, அதன் பிறகு குறைந்தாலும் வாழ்க்கை லேசாகிவிடவில்லை. நாங்கள் வழக்கமாகச் சாப்பிட்ட கடையில் விலைப்பட்டியலின் மேல் ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர். அந்தக் கடைப் பையன் பொறியியல் படித்தவன், உடைந்த ஆங்கிலத்தில், வாடகை சம்பளத்தைத் தின்றுவிடுகிறது, கல்யாணம் பற்றி யோசிக்கவே முடியவில்லை என்றான். நில நடுக்க பயம் எல்லார் பேச்சிலும் இருக்கிறது. 1999-ல் பக்கத்து இஸ்மித்தில் 17,000-க்கும் மேல் இறந்தார்கள், 2025 ஏப்ரலில் ஊருக்குத் தெற்கே உள்ள மர்மரா கடலில் 6.2 அளவில் ஒன்று வந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். வீடு பார்க்கப் போனால் கட்டிய வருடத்தைத்தான் முதலில் கேட்பார்களாம்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் படகை அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள், அதுதான் என் மனதில் நிற்கிறது. பாஸ்பரஸ் மேல் மூன்று பாலம் கட்டிவிட்டார்கள், 1973, 1988, 2016. கடலுக்கு அடியில் மர்மராய் ரயில் 2013 அக்டோபர் 29-ம் தேதி ஓடத் தொடங்கியது, நான்கு நிமிடத்தில் கண்டம் மாறிவிடலாம். அதிலும் போனோம், நல்ல வசதி. அந்த ரயிலுக்காக யெனிகாபி என்ற இடத்தில் தோண்டும்போது மண்ணுக்குள் பழைய பைசாண்டியத் துறைமுகமே கிடைத்தது, 37 மரக் கப்பல்களோடு. கடல் மண் மூடி மூடிக் கரையாகி, துறைமுகம் ஊருக்குள் போய்விட்டிருந்தது. ரயில் வேலை வருடக்கணக்கில் தள்ளிப் போனாலும் ஒவ்வொரு பலகையாக எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். ரயில் வந்துவிட்டது, பாலம் வந்துவிட்டது, இனி படகு எதற்கு, நஷ்டம் என்று நிறுத்தியிருக்கலாம். 19-ம் நூற்றாண்டு நடுவில் நீராவிப் படகு நிறுவனம் தொடங்கிய நாளில் இருந்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். மாநகராட்சியின் படகும் ஓடுகிறது, தனியார் படகும் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார்டு.

நாங்கள் கவனித்த வரை அந்த இருபது நிமிடம்தான் அந்த ஊர்க்காரர்கள் நாள் முழுவதிலும் சும்மா உட்காரும் நேரம். சாலையில் முகம் சுளித்துக்கொண்டு ஹாரன் அடிக்கிற அதே ஆள் படகில் ஏறியதும் கடற்காகத்துக்கு எள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படகில் இருந்து தெரியும் அந்தக் கடல் காட்சியைப் பார்க்கக் கடலோர ஹோட்டலில் பணக்காரர்கள் எவ்வளவோ கொடுக்கிறார்கள். இங்கே தினக்கூலி ஆளுக்கும் அதே காட்சி, அதைவிட நல்ல இடத்தில் இருந்து. ஊரின் அழகான இடம் உழைக்கிறவர்களுக்குத் தினசரி கிடைக்கும்படி வைத்திருக்கிற ஊர் எனக்குப் பெரிய ஊராகத் தெரிகிறது. ஹாகியா சோபியாவில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம், மாடிக்கு மட்டும்தான் விடுகிறார்கள். அந்தக் கட்டடம் 537-ல் கட்டி முடித்தது, அந்தக் கூரையின் கீழ் நிற்பது ஒரு பாக்கியம், பணம் இருந்தால் கட்டாயம் போங்கள். இல்லாவிட்டால் படகில் ஏறுங்கள், வருத்தமே இருக்காது.

எமினோனுவில் தொடங்கி எதிரே கராக்கோய் வரை போகும் கலாத்தா பாலத்தையும் விட்டுவிட வேண்டாம். பாலத்தின் இரண்டு ஓரமும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள், பின்னால் டிராம் ஓடுகிறது. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பெயிண்ட் டப்பா, அதில் விரல் நீள மீன்கள். எங்களைப் பார்த்து ஒரு தாத்தா தன் மடக்கு நாற்காலியைத் தங்கைக்குக் கொடுத்து, தூண்டிலையும் கையில் கொடுத்தார். மொழி இல்லாமலே அரை மணி நேரம் போனது. எங்கள் பேக்கேஜ் பஸ் அந்தப் பாலத்தைப் பலமுறை கடந்தது, ஒருமுறை கூட நிற்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். இப்போது நம் ஆட்கள் ஐரோப்பா, அமெரிக்கா போகும் வழியில் இஸ்தான்புல்லில் விமானம் மாறுகிறார்கள், ஒரு நாள் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விசா விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதோடு இந்த விவரத்தையும் போடுங்கள். துறைகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் இயந்திரத்தில் கார்டு வாங்கலாம், ஆங்கிலத்தில் வழி காட்டும். எமினோனு அல்லது கராக்கோயில் இருந்து காடிக்கோய் போகும்போது வலது பக்கம் வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் இறங்கும், அதனால் சாயங்காலம் திரும்பி வரும் படகு இன்னும் நன்றாக இருக்கும், அப்போது இடது பக்கம். வெயில் காலத்திலும் படகில் காற்று குளிரும், ஒரு சால்வை வேண்டும். மேல் தளத்துக்குப் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், முடியாதவர்கள் கீழ்த் தளத்திலேயே வெளிப்புறம் உட்காரலாம். கழிப்பறைக்கு மசூதிகளை ஒட்டிய கட்டணக் கழிப்பறைகள் இருக்கின்றன, பார்த்தவரை சுத்தமாக இருந்தன. வயதான பெண்கள் இருவர் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, போகலாம், நாங்கள் போனோம், கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டால் போதும் என்று எழுதுங்கள்.

இதே மாதிரி பாங்காக், கெய்ரோ, லண்டன் என்று நீங்கள் எந்த ஊரைப் பற்றிப் போட்டாலும், பார்க்கும் இடங்களோடு அந்த ஊர் மக்கள் எதில் ஏறுகிறார்கள், எங்கே டீ குடிக்கிறார்கள், எந்த மீன் வாங்குகிறார்கள் என்று அரைப் பத்தியாவது சேருங்கள். எழுத ஆள் இல்லையென்றால், போய்வந்த வாசகர்களிடமே கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகவே நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம், சந்தோஷமாக எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தூத்துக்குடி